இருபத்தைந்துக்கும் நாலுக்கும் சம்பந்தம்

அக்டோபர் 6, திங்கள்

இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் முன்பே சொன்னேன். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே சொன்னேன். அக்கா புது நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். "இந்த வருஷம் கணக்குல ஒரு கலவரம் வரும், பாரு" என்றேன். "அந்தக் கத்தரிக்கோலை எடு" என்றாள். தீர்க்கதரிசிக்கு இந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

கலவரம் இன்று வந்தது. அக்கா மகள் குண்டூசி, நாலாம் வகுப்பு. உயரம் கம்மி, முனை கூர்மை. பெயர் நான் வைத்ததுதான். வந்தவள் பரீட்சைத் தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நான்தான் உருவினேன். ஐந்தாம் கேள்வி: 25 × 17 × 4. அவள் எழுதியிருப்பது 1700. வேறு ஒன்றுமில்லை. விடை, விடைக்குக் கீழே இரண்டு கோடு. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு முட்டை. முட்டைக்குக் கீழே இரண்டு வார்த்தை: "பார்த்து எழுதியது."

விடை சரி! சரியான விடைக்கு முட்டை போடும் ஊரில் நான் குடியிருக்கிறேன்.

கணக்கு டீச்சர் என்ன சொன்னாராம் என்றால் — 25ஐ முதலில் 17ஆல் பெருக்க வேண்டும், 425. அதை 4ஆல் பெருக்க வேண்டும், 1700. அந்த வழி எங்கே? வழி இல்லாமல் விடை மட்டும் எப்படி வந்தது? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் வழியோடு எழுதியிருக்கிறாள். ஆகவே அவளைப் பார்த்து எழுதியிருக்கிறாய். தீர்ந்தது வழக்கு.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒருவர் போய் ஹெட்மிஸ்டிரஸைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தையும் ரிப்போர்ட் கார்டில் ஏறும்.

"நான் பாக்கல, மாமா."

"எனக்குத் தெரியும்டி."

"இருபத்தஞ்சும் நாலும் நூறு. நூறு பதினேழு. அதுக்கு என்ன வழி எழுதறது?"

அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அழவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, கணக்கு நோட்டை அலமாரிக்கு மேலே, தன் கைக்கே எட்டாத இடத்தில் தள்ளி வைத்தாள். பிறகு இறங்கி ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

அக்கா ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை லீவு கேட்டால் ஷிப்டே போய்விடும். அத்தான் லாரியோடு போனால் பத்து நாள். ஆக, போகப்போவது நான். இதையும் நான் முன்பே அறிந்திருந்தேன்.

என்னைப் பற்றி நாலு வரி எழுதி வைப்பது நல்லது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு விலகியது. நான் விலகவில்லை, அதற்குத்தான் என்னைத் தாங்க முடியவில்லை. இப்போது சோப்புக் குடோனில் எண்ணுகிறவன். வண்டியில் ஏறுவதை எண்ணிச் சீட்டு எழுதித் தருவது என் வேலை. ஒரு கட்டில் 4 சோப்பு, ஒரு பெட்டியில் 18 கட்டு, வண்டியில் 25 பெட்டி. சூப்பர்வைசர் கால்குலேட்டரில் நாலு பதினெட்டு என்று தட்ட ஆரம்பிப்பதற்குள் நான் "ஆயிரத்து எண்ணூறு" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக்கொண்டிருப்பேன். குடோனில் எனக்குக் கம்ப்யூட்டர் என்றே பெயர்.

ரகசியம் ஒன்றுமில்லை. எண்களுக்குள் சம்பந்தம் பார்க்க வேண்டும். இருபத்தைந்துக்கு நாலு. ஐந்துக்கு இரண்டு. நூற்றிருபத்தைந்துக்கு எட்டு. இவர்கள் வரிசையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு பதினெட்டோ பதினேழோ காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். "கொஞ்சம் நகருப்பா" என்று அதைத் தள்ளிவிட்டு, ஜோடியை முதலில் சேர்த்து வைத்துவிட வேண்டும். பதினெட்டு பிறகு வந்து வாழ்த்தட்டும். ஒன்றும் குறையாது. பூஜ்யத்திடம் மட்டும் ஜாக்கிரதை. எத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தாலும், வரிசையில் எங்கோ ஒரு பூஜ்யம் இருந்தால் மொத்தக் குடும்பமும் பூஜ்யம்.

இதைக் குண்டூசிக்குச் சொல்லிக் கொடுத்தது நான். போன வருஷம் விடுமுறையில் குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டி அடுக்கைக் காட்டினேன். முன்னால் நின்று எண்ணு, பக்கத்தில் நின்று எண்ணு, மேலே ஏறி எண்ணு — பெட்டி கூடுமா, குறையுமா? எது லேசோ அதை முதலில் எண்ணு என்றேன். பிள்ளை வாயைப் பிளந்தாள். மூட்டை தூக்குகிறவர்கள்கூட மூட்டையை இறக்கிவிட்டுக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க நான் என்ன ஆஸ்பத்திரித் துணியா? நாளைக்கே போகிறேன்.

அக்டோபர் 8, புதன்

போனேன். வெளுத்து வாங்கினேன்.

டீச்சர் சின்ன வயசு. நோட்டுக் குவியலுக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி மட்டும் தெரிந்தது. நல்ல மாதிரிதான், அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. கெட்டவர்களிடம் சண்டை போடுவது சுலபம்.

"சார், நான் முறையைத்தான் கேக்கறேன். ஒரு வரிகூட இல்லாம விடை எழுதினா நான் என்னன்னு நெனைக்கறது? நாப்பது பிள்ளைங்க இருக்காங்க."

"நாப்பதுல ஒண்ணு மூளையால போட்டா உங்களுக்குக் கண்ணு கூசுதா, டீச்சர்?"

"அப்போ அவளையே கேட்டேன், எப்படிப் போட்டேன்னு. வாயையே திறக்கல."

"திருட்டுப் பட்டம் கட்டினதுக்கு அப்புறம் கேட்டா யாரு வாயைத் திறப்பா?"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தால் பாதியில் நிற்கிற ஆளா?

"அந்த முறை என்னோடது. நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். என்கிட்ட கேளுங்க!"

கதவருகே குண்டூசி நின்றிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். என்னைப் பார்த்தாள். அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தேன் இல்லையா — குத்தியது.

டீச்சர் சொன்னார்: "சரி சார். வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்டிரஸ் முன்னாடி நீங்களே போர்டுல போட்டுக் காட்டுங்க. அவளும் ஒண்ணு போடட்டும். அவளுக்குப் புரிஞ்சிருக்குன்னு தெரிஞ்சா, எழுதினதை நானே அடிச்சிடறேன்."

"போர்டு தாங்குமான்னு பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

குண்டூசி என்னோடு பேசவில்லை. நேற்று மாலையிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. அவள் அம்மாவிடம் "அவர்கிட்ட தண்ணி ஜாடியைக் குடுக்கச் சொல்லு" என்கிறாள். அவராம்! ஒரே மேஜை, இரண்டு முழம் தூரம்.

அக்காவுக்கு விஷயம் புரியவில்லை. "என்னடா பண்ணினே அவளை?"

"உன் பொண்ணுக்காகப் பள்ளிக்கூடத்தையே ஒரு ஆட்டு ஆட்டிட்டு வந்திருக்கேன்."

"உன்னை யாரு ஆட்டச் சொன்னது? நாளைக்குப் போய்க் கையைக் கட்டிக்கிட்டு, பிள்ளைக்கு வழி எழுதத் தெரியல, இனிமே எழுதுவான்னு சொல்லிட்டு வான்னுதானே நான் சொல்ல இருந்தேன்."

"செய்யாத தப்புக்குக் கையைக் கட்டறதா? அது என் ரத்தத்துலயே இல்லை, அக்கா."

"என் ரத்தமும் அதேதான். நான் ஒழுங்காத்தானே இருக்கேன்."

சாப்பிட்ட பிறகு குண்டூசியின் எதிரில் போய் உட்கார்ந்தேன். நாளைக்கு நீயும் ஒரு கணக்குப் போட வேண்டும், நோட்டை இறக்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

"நீதானே சொல்லிக் குடுத்தே. நீயே போய்ப் போடு."

இதுதான் ஒரு நாளில் என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, கடைசி வார்த்தை. நான் என்ன செய்துவிட்டேன்? எதற்கு இத்தனை கோபம்? தெரியவில்லை.

தெரியும். பிறகு எழுதுகிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி, காலை

சட்டை தேய்த்தாகிவிட்டது. பையில் இரண்டு பேனா. பயமெல்லாம் கிடையாது.

அதே நாள், மாலை

ஜன்னலில் முந்நூறு தலை. சரி, ஏழு. ஆனால் முந்நூறு பேர் மாதிரி மூச்சு விட்டார்கள்.

ஹெட்மிஸ்டிரஸ் அறையில் டைம்டேபிள் எழுதும் சின்னப் போர்டு ஒன்று உண்டு. அதில் பாதியை அழித்துக் கொடுத்தார்கள். ஹெட்மிஸ்டிரஸ் நாற்காலியில், டீச்சர் போர்டுக்குப் பக்கத்தில், குண்டூசி மூலையில் ஒரு முக்காலியில். கால் தரையைத் தொடவில்லை. ஷூவைப் பார்த்தபடி இருந்தாள். மேஜையின் மேல் அந்தப் பரீட்சைத் தாள், சிவப்பு மை மேலே தெரிய.

ஹெட்மிஸ்டிரஸ் முதலில் அவளைத்தான் கேட்டார். "நீ ஒண்ணு போடறியாம்மா?"

"வேண்டாம். அவரே போடட்டும். அவருதான் சொல்லிக் குடுத்தாராம்."

டீச்சர் ஹெட்மிஸ்டிரஸைப் பார்த்தார். 'பார்த்தீர்களா, இவளுக்குத் தெரியாது' என்கிற பார்வை.  நான் விடுவேனா? சாக்பீஸை எடுத்தேன்.

டீச்சர் எழுதினார்: 2 × 19 × 5. இதெல்லாம் எனக்கு ஒரு கணக்கா? இரண்டும் ஐந்தும் பத்து, பத்தொன்பது பத்து நூற்றித்தொண்ணூறு. சாக்பீஸை வைத்து, இரண்டு கையையும் தட்டித் தூசி பறக்க விட்டேன்.

அடுத்தது 4 × 18 × 25. என் சொந்த வண்டி! "ஆயிரத்து எண்ணூறு, அம்மா. தினமும் ஏத்தறேன்" என்றேன். மறுபடி கையைத் தட்டினேன். ஜன்னலில் ஒரு தலை "ஹே" என்றது. ஹெட்மிஸ்டிரஸ் லேசாகச் சிரித்தார்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். மூன்றாவது எழுதினார்: 5 × 7 + 3 × 2.

பார்த்தவுடன் சம்பந்தம் கண்ணில் பட்டது. அந்தக் கோடியில் ஐந்து, இந்தக் கோடியில் இரண்டு: பத்து. நடுவில் ஏழும் மூன்றும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன: பத்து. பத்துப் பத்து நூறு. பெரிதாக 100 என்று எழுதினேன். கீழே இரண்டு கோடு போட்டேன். சாக்பீஸை வைத்துக் கையைத் தட்டினேன்.

அறை அமைதியாக இருந்தது. அது பாராட்டு அமைதி என்று நினைத்தேன்.

"ஐயோ, மாமா!"

முக்காலி கவிழ்ந்தது. குண்டூசி போர்டுக்கு முன்னால் நின்றாள். "நடுவுல கூட்டல் நிக்குது, கண்ணு தெரியலயா? அஞ்சும் ஏழும் ஒரு வீடு. மூணும் ரெண்டும் வேற வீடு. அங்கேருந்து இங்கே எப்படி இழுத்துட்டு வருவே?"

"ஏம்மா, வரிசையை மாத்தலாம்னுதானே..." என்றார் டீச்சர். குரல் மாறியிருந்தது. கேட்பவர் குரல்.

"எல்லாமே பெருக்கலா இருந்தாதான் மாத்தலாம், டீச்சர். இங்கே அஞ்சு பெட்டி, பெட்டிக்கு ஏழு சோப்பு. முப்பத்தஞ்சு. அப்புறம் தனியா மூணு பெட்டி, பெட்டிக்கு ரெண்டு சோப்பு. ஆறு. மொத்தம் நாப்பத்தொண்ணு. இவரு நூறுன்னு எழுதி அனுப்பினா, மிச்சம் அம்பத்தொம்பது சோப்பை யாரு குடுப்பா?"

ஹெட்மிஸ்டிரஸ் வாயைப் பொத்திக்கொண்டார். ஜன்னலில் ஏழு தலையும் பொத்திக்கொள்ளவில்லை.

டீச்சர் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "உனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. நான்தான் மாமாவுக்குச் சொல்லிக் குடுத்தேன். அவரு பாதி கேட்டுட்டு ஓடிட்டாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

"உண்மையா, சார்?" என்றார் ஹெட்மிஸ்டிரஸ்.

எனக்கு எத்தனை பதில் தெரியும்! வாயில் வரிசையாக வந்து நின்றன. குண்டூசி நிமிர்ந்து என் மூக்குக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றேன்.

டீச்சர் சாக்பீஸை அவளிடம் கொடுத்து, 125 × 9 × 8 என்று எழுதினார். "இந்தத் தடவை உன் மனசுல நடக்கறதை எனக்கும் காட்டு. எனக்கு உன் மண்டைக்குள்ள எட்டிப் பாக்கத் தெரியாதில்ல?" குண்டூசி யோசித்தாள். பிறகு எழுதினாள்: 125 × 8 × 9. அதன் கீழே 1000 × 9. அதன் கீழே 9000. மூன்றே வரி.

"இதுவா வழி?" என்றாள்.

"இதுதான்."

"இவ்வளவுதானா! இதைக் கேட்டிருந்தா அன்னிக்கே எழுதியிருப்பேனே."

டீச்சர் சிரித்தார். மேஜையிலிருந்து தாளை எடுத்து, அந்த இரண்டு வார்த்தையையும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "அவசரப்பட்டுட்டேன்" என்றார். பெரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டது என் ஆயுளில் முதல் தடவை.

ஒன்றை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். அந்த நூறை நான் வேண்டுமென்றே போட்டேன். பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். திறக்க வைக்க வேறு வழி ஏது? தப்பான கணக்கைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். என் காலை நானே வாரிக்கொண்டு விழுந்தேன். விழுந்து ஜெயித்தேன். எல்லாம் என் திட்டம்.

அக்டோபர் 11, சனி

குடோனில் எல்லோருக்கும் சொன்னேன். வேண்டுமென்றே விழுந்த கதையை மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது தடவையில் ஹெட்மிஸ்டிரஸ் எழுந்து நின்று கைதட்டினார்.

சூப்பர்வைசர் மட்டும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இத்தனை நாளா நீ போடற கணக்கு அந்தப் பிள்ளை சொல்லிக் குடுத்ததா?"

"ஆமாம். ஒன்பது வயசு. உங்களுக்கு அப்படி ஒரு ஆள்கூடக் கிடைக்கலயே!"

கம்ப்யூட்டர் என்ற பெயர் போய்விடும் போலிருக்கிறது. போகட்டும்.

பிறகு எழுதுகிறேன் என்று சொன்னதை இப்போது எழுதிவிடுகிறேன். போன வருஷம் நான் ஒரே வாரத்தில் இரண்டு சீட்டில் தப்பு எழுதினேன். மூன்றாவது தப்பு வந்தால் மறுபடி மூட்டை தூக்கப் போ என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நாற்பத்தைந்து வயதில் இந்த முதுகு மூட்டை தூக்காது. அந்த வாரம் பள்ளி விடுமுறை. குண்டூசி கவிழ்த்து வைத்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்து, நான் எழுபத்திரண்டை இருபத்தைந்தால் பெருக்கி வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் பார்த்தாள்.

"ஏன் மாமா இந்த வரிசையிலயே பெருக்கறே? மாத்தினா யாராவது திட்டுவாங்களா?"

அப்புறம் எழுந்து போய், அடுக்கை முன்னாலிருந்து எண்ணிக் காட்டியது அவள். பக்கத்திலிருந்து எண்ணிக் காட்டியது அவள். வாயைப் பிளந்தது நான். சம்பந்தம் என்று பெயர் வைத்தது மட்டும் என்னுடையது. அது நல்ல பெயர். அதை விட்டுக் கொடுக்க மாட்டேன்.

வேறு எதை எடுத்துக்கொண்டிருந்தாலும் அவள் பேசாமல் இருந்திருக்க மாட்டாள். 'நீ திருடினாய்' என்று ஒருவர் சொன்னார். 'அது என்னுடையது' என்று நான் சொன்னேன். அந்த டீச்சருக்காவது உண்மை தெரியாது.

அக்டோபர் 14, செவ்வாய்

நோட்டு அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது. ஸ்டூல் போட்டு அவளே இறக்கினாள். என்னை எட்டி எடுக்கச் சொல்லவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

குண்டூசி எனக்குக் கணக்கு வைக்கிறாள். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பத்துக் கணக்கு. பாதியில் கூட்டல் ஒளிந்திருக்கிறது. "முதல்ல நடுவுல யாரு நிக்கறாங்கன்னு பாரு, மாமா. அப்புறம் கை வை" என்கிறாள். பத்தில் ஏழு சரி. தப்பான மூன்றுக்கு அவள் முட்டை போடவில்லை, "வழி எங்கே?" என்று எழுதியிருக்கிறாள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறாம் வகுப்பு பாஸ் பண்ணிடுவான் போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். பண்ணித்தான் காட்டுகிறேன், பார்க்கலாம்.

நான் பென்சிலைச் சீவும்போது குண்டூசி கேட்டாள்: "மாமா, அன்னிக்கு நீ வேணும்னேதான் தப்பாப் போட்டேன்னு அம்மாகிட்ட சொன்னியாமே?"

"பின்னே? உனக்காகத்தானே."

"ம்" என்றாள். தாளைத் திருப்பி அடுத்த கணக்கை எழுதினாள். தலை நிமிராமலே சொன்னாள்: "நீ சரியாப் போட்டதா நெனச்சா மட்டும்தான் கையைத் தட்டுவே. அன்னிக்கு மூணு தடவை தட்டினே."

நான் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். முனை உடைந்தது.

"குடோன்ல சொல்லிக்கோ" என்றாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

குடோனில் சொல்வேன், சந்தேகமே வேண்டாம். இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்வேன். அவள் பெரிய படிப்புப் படித்துப் பெரிய இடத்தில் உட்காரும்போது, அந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். ஆனால் இது என் நோட்டு. இதில் பத்தாம் தேதி எழுதியதில் மற்றதெல்லாம் அப்படியே நடந்தது. ஒன்றே ஒன்று மட்டும் நான் கட்டியது. திட்டம் எதுவும் இல்லை. நூறு என்றுதான் நினைத்தேன். போர்டில் எழுதுவதற்கு முன் மனதுக்குள் இரண்டு தடவை சரி பார்த்தேன். இரண்டு தடவையும் நூறுதான் வந்தது.